சித்தி சொன்னதும் கத்தரி வெட்டியதும்

அந்த வகுப்பில் அவளைக் கத்தரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவள் அம்மாவே வாய் தவறி, "கத்தரி, சாப்பிட வா!" என்று கூப்பிட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயர் வரக் காரணம் அவளுடைய சித்தி. சித்திக்கு அண்டார்டிகா கடலோரத்தில், வானிலை நிலையத்தில் வேலை. காற்று, கடல், பனி எல்லாவற்றையும் அளப்பார். நிலையத்துக்குக் கீழே உறைந்த கடலின்மேல் பென்குவின்கள் குஞ்சு பொரித்திருந்தன. சித்தி வாராவாரம் தூரத்திலிருந்து அவற்றைப் படம் பிடித்து அனுப்புவார். அந்த நீளமான வீடியோவை வெட்டிச் சுருக்கி, வகுப்பில் போட்டுக் காட்டுவது கத்தரியின் பொறுப்பு.

வகுப்பே அந்தக் குஞ்சுகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தாழ்வாரத்தில் வெள்ளை அட்டையால் ஒரு பனித்தரை செய்தார்கள். அதன்மேல் ஆளுக்கொரு பஞ்சுக் குஞ்சு. கத்தரியின் தோழி சோடாபுட்டி செய்த குஞ்சுக்குப் பெயர் தொப்பை. நிற்க வைத்தால் விழும், விழுந்தால் உருளும்.

"உன் தொப்பைக்கு நிக்கவே தெரியலடி" என்றாள் கத்தரி.

"எதுக்கு நிக்கணும்? அது நீந்தத்தானே போகுது!" என்றாள் சோடாபுட்டி.

நிஜக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்து அவை கடலில் இறங்கும் நாளில், இந்தப் பஞ்சுக் குஞ்சுகளையும் ஒரு நீலத் துணியில் இறக்கிவிடுவதாகத் திட்டம். அப்பா அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டு அமர்க்களப்படுத்த வேண்டும் என்று துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சித்தியின் வீடியோவில் குஞ்சுகள் மட்டும் இல்லை. நடுநடுவே சித்தி பேசுவார். முதல் வாரம் அதையும் சேர்த்துத்தான் கத்தரி காட்டினாள். கடைசி பெஞ்சில் ஒருவன் இருக்கிறான், கொட்டாவி மன்னன். அவன் வாயைப் பிளந்தால் பல் மருத்துவருக்கு வேலை மிச்சம். அவன் ஆரம்பித்துவைக்க, கொட்டாவி முன் பெஞ்சு வரை வந்துவிட்டது.

"குஞ்சைக் காட்டு! குஞ்சைக் காட்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து சித்தி பேசும் இடமெல்லாம் நறுக், நறுக். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, அந்த இடங்களைக் கத்தரி காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வீடியோவுக்குப் பதில் சித்தியே போனில் வந்தார்.

"கண்ணு, பனி உடைஞ்சிடுச்சு."

"கோடை வந்தா உடையும்னு நீங்கதானே சொன்னீங்க, சித்தி?"

"இது ரொம்ப சீக்கிரம்மா. குஞ்சுங்களுக்கு இன்னும் இறகு வரல. உடம்புல இருக்கிறது வெறும் பஞ்சு மாதிரி தூவி. அது தண்ணியில ஊறிடும். அதுங்களால நீந்த முடியாது."

கத்தரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அப்போ?"

"ரெண்டு மூணு மட்டும் ஒரு பனித்துண்டு மேல மிதந்து போச்சு. மத்ததெல்லாம் போயிடுச்சு, கண்ணு. பெரிய பென்குவினுங்க மீன் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துதுங்க."

கத்தரிக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?"

சித்தி மெதுவாகச் சொன்னார்: "வாராவாரம் சொன்னேனேம்மா."

போனை வைத்த பிறகு கத்தரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பழைய குஞ்சு வீடியோ ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாமா என்று தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. விழாவும் நடக்கும். ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அந்தப் பென்குவின்கள் மனதை விட்டுப் போகவில்லை.

கணினியில் வெட்டிய துண்டுகள் எல்லாம் அழியாமல் இருந்தன. அவற்றை வார வரிசைப்படி ஒட்டினாள்.

திங்கட்கிழமை, டீச்சரிடம் சொல்லிவிட்டு, வகுப்பின் முன்னால் நின்றாள். "குஞ்சுங்க செத்துப் போச்சு" என்று ஆரம்பித்தாள். "சித்தி நம்மகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் வெட்டிட்டேன். இதுல இருக்கு."

திரையில் சித்தி பேசினார்.

"இந்த வருஷம் கடல் தண்ணி சூடா இருக்கு, பிள்ளைங்களா. உலகம் பூரா வண்டியும் ஆலையும் விடற புகையால வர்ற சூடு இது. இங்க வரைக்கும் வந்துடுச்சு."

அடுத்த துண்டு: "பனி மெல்லிசா இருக்கு. காத்து வேற மாறிடுச்சு."

அதற்கடுத்தது: "நேத்து ஒரு விரிசல் பார்த்தேன். ராத்திரி தூக்கமே வரல."

இந்தத் தடவை யாரும் கொட்டாவி விடவில்லை.

"முன்னாடியே கேட்டிருந்தா மட்டும் நம்மால என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றான் கொட்டாவி மன்னன். அவன் குரல் உள்ளே போயிருந்தது.

"குஞ்சுங்களைக் காப்பாத்தியிருக்க முடியாது" என்றாள் கத்தரி. "ஆனா சித்தி அங்க தனியா கவலைப்பட்டிருக்க மாட்டாங்க."

நீலத் துணியை யாரும் எடுக்கவில்லை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். தொப்பையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் குஞ்சை எடுத்துப் போனார்கள். வெறும் வெள்ளை அட்டை மட்டும் தாழ்வாரத்தில் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கத்தரிக்கு மனசு ஆறவேயில்லை.

அன்று மாலை வகுப்பே சேர்ந்து சித்திக்கு ஒரு வீடியோ அனுப்பியது. விரிசல் எப்படி வரும், பென்குவின்கள் அடுத்த வருஷம் எங்கே போகும், நீங்கள் இப்போது தூங்குகிறீர்களா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள்.

அடுத்த வாரம் சித்தியின் பதில் வந்தது. கத்தரி அதில் ஒரு நொடிகூட வெட்டவில்லை. திரையில் குஞ்சு எதுவும் இல்லை. கறுத்த தண்ணீர், உடைந்த பனி, காற்றின் இரைச்சல், அதற்கு நடுவே சித்தியின் குரல். கேட்ட கேள்விக்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். மிக நீளமான வீடியோ அது.

முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து கொட்டாவி மன்னன் கையைத் தூக்கினான்.

"கத்தரி, முதல்லேருந்து இன்னொரு தடவை போடு."