அண்ணன் பேசுகிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை அருணகிரியின் வீட்டுக்கணினி மறுபடியும் உறைந்துபோனது. குழாயில் தண்ணீர் நின்றது. அடுப்பு அணைய மறுத்தது. வாசற்கதவு திறக்கவில்லை. தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தாள் அவர் மனைவி வசுமதி.

“இந்தக் கிழட்டுப் பொட்டியத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது? போன வாரமும் இதே கூத்துதான்!”

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். சும்மா கத்தாத.”

அருணகிரி ஏற்கெனவே நினைவகத்தை மாற்றிப் பார்த்துவிட்டார். மென்பொருளை அழித்துப் புதிதாக நிறுவியும் பார்த்துவிட்டார். சேவை மையத்தில், “இந்த மாடலுக்கெல்லாம் இப்ப சப்போர்ட் இல்ல சார்” என்று கையை விரித்துவிட்டார்கள். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடுவது, ஞாயிறு காலையில் மட்டும் சண்டித்தனம் செய்தது. ஒவ்வொரு முறையும் எரிச்சலில் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போடுவார்.

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, கணினி எதில் சிக்கியிருக்கிறது என்று பார்த்தார். ஒரே ஒரு வேலை அதன் மொத்தச் சக்தியையும் விழுங்கிக்கொண்டிருந்தது. குரல்பதிலி.

குரல்பதிலி இல்லாத வீடே இப்போது இல்லை. உறவினர் கூப்பிட்டாலும், நாம் அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றாலும், நம் குரலில் அதுவே பேசிவிடும். பேச்சு முடிந்ததும் விவரத்தை நம்மிடம் சொல்லும். கோவையிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடும் தங்கை செண்பகத்தையும் அதனிடம் விட்டு வெகுநாளாகிவிட்டது.

ஒலிபெருக்கியைத் திறந்தார்.

“சரிண்ணா, வேற?” என்றது தங்கையின் குரல்.

“வேற என்னம்மா, நீதான் சொல்லணும்” என்றது அவருடைய குரல்.

“நீங்கதாண்ணா சொல்லணும். வச்சிரட்டுமா?”

“உன் இஷ்டம்மா. வேற?”

வசுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கயும் பதிலிதாங்க பேசுது!”

உண்மைதான். தங்கைக்கும் இதே மாடலைத்தான் அவர் வாங்கிக் கொடுத்திருந்தார். எதிராளி மனம் நோகக் கூடாதென்று, முந்திக்கொண்டு இணைப்பைத் துண்டிக்காதபடி செய்யப்பட்டவை அவை. இரண்டும் ஒன்றுக்கொன்று இன்னும் அன்பான பதிலைத் தேடித் தேடித் திணறிக்கொண்டிருந்தன.

அருணகிரி இணைப்பைத் துண்டித்தார். தண்ணீர் வந்தது, வசுமதி உள்ளே ஓடினாள். அவர் அந்த உரையாடலை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“புதன்கிழமை ஆபரேஷன்ண்ணா. போன வாரமே சொன்னேன். பயமா இருக்கு. நீங்க வந்தாத் தேவல.”

“தைரியமா இரும்மா, நாங்கெல்லாம் இருக்கோம். வேற?”

பேச்சு முடிந்தால்தானே பதிலி செய்தியைச் சொல்லும்? போன வாரம் முடியுமுன்பே அணைத்துப் போட்டவர் அவர்தான்.

பதிலியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் தானே அழைத்தார். நெடுநேரம் மணி அடித்தது.

“யாரு?” சலிப்பான குரல். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. பதிலிகள் சலித்துக்கொள்வதில்லை. அவளேதான்.

“செண்பகம், அண்ணன் பேசுறேம்மா. இப்பத்தான் விஷயம் தெரியும். நான் இன்னிக்கே கிளம்பி வர்றேன்.”

மறுமுனையில் அவள் பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“பதிலி இல்லம்மா. நானேதான். சத்தியமா.”

“அன்னிக்கு நானே கூப்பிட்டப்பவும் இப்படித்தான் சத்தியம் பண்ணுன” என்றாள் செண்பகம். “நல்லாத்தான் பேசுற. எங்கண்ணன் என்னிக்கு இவ்வளவு பாசமாப் பேசியிருக்காரு? அவரு வீட்டுல இருந்தாருன்னா, தங்கச்சி கூப்பிட்டான்னு மட்டும் சொல்லிடு.”