நான்கு விரற்கடை தாழ்வு

தேசிய அரங்கத்தின் பார்வையாளர் கூடத் தரை, மேடைக்கு நான்கு விரற்கடை கீழே நின்றுவிட்டது. மூன்றாவது முறை.

தரையை உயர்த்தும் பொறுப்பிலிருந்த ஒடிலியாவுக்கு ரசமட்டத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அந்தத் தரையின் சூட்சுமம் எளியது. நாடகம் என்றால் சரிவாகக் கிடக்கும். நடனம் என்றால் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மேடையோடு ஒரே மட்டமாக உயர்த்திவிடலாம். நிலவறையில் செங்குத்தாக ஓர் உருளை, அதில் பன்னிரண்டு தடிகள். தடிக்கு ஓர் ஆளாகக் கரும்பாலை மாடுகளைப் போலச் சுற்றிவந்தால், வடம் இழுத்துத் தரை எழும். வெறுந்தரைக்குப் பன்னிரண்டு பேர் போதும். இன்று போதவில்லை. ஐந்து மணிக்கு நடன விழா. தரை எழாவிட்டால் நாளை அவளுக்கு வேலையில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

தரையிலிருந்த திறப்பு வழியே, நிலவறையில் தள்ளுகிறவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "எவெலியோ அண்ணே, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டாச்சா?"

"கிரீஸ்ல குளிப்பாட்டியாச்சு தாயி! மேல யாராச்சும் உக்காந்திருக்காங்களா? நெஞ்சடைக்குது."

"என் கோவம்தான் உக்காந்திருக்கு. தள்ளுங்க!"

மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. பிற்பகல் மூன்று மணிக்கே மாடங்களில் இருட்டு. நனைந்த கம்பளியும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. அவள் மண்டியிட்டுப் பலகைகளைத் தடவினாள். முழத்துக்கு ஒரு ஜோடிக் குழிவு. வரிசை வரிசையாக. பாதங்களின் அளவில்.

மதியம், வாயில் சோறும் பீன்ஸும் இருக்கும்போது, அரங்க வாசலில் யாரோ "ஊப்பே!" என்று கூப்பிட்டிருந்தார்கள். இங்கே எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் தலை நிமிராமல், பழக்கத்தில், "உள்ள வாங்க" என்றிருந்தாள்.

யாரும் வரவில்லை என்றுதான் நினைத்தாள்.

கணக்கு மட்டும் ஓடியது. வெறுந்தரைக்குப் பன்னிரண்டு பேர். நிறைந்த தரைக்கு?

எரிச்சல் பயத்தை முந்தியது. "எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! கீழ ஆள் பத்தாம சாகறாங்க!"

பலகைகள் நிமிர்ந்தன. வரிசை வரிசையாக. வாடை அவளை உரசிக்கொண்டு திறப்பு வழியே இறங்கியது.

தரை ஏறியது. மூன்று விரற்கடை. ஒன்று. மட்டம்.

தீர்வு இவ்வளவுதான்: மேலே இருக்கும் பாரத்தை இறக்கி, தள்ளுகிற பக்கம் சேர்க்க வேண்டும்.

"தாயி, நிறுத்தச் சொல்லுங்க! நாங்க தள்ளல!"

தரை மேடையைத் தாண்டியது. குனிந்து பார்த்தாள். உருளை சுழன்றுகொண்டிருந்தது. தடிகளில் பன்னிரண்டு பேரும் கால் நிலவறைத் தரையில் படாமல் தொங்கினார்கள். அவர்களுடைய கைகளின் மேல், நனைந்த வெள்ளைக் கையுறைகள். ஒன்றன்மேல் ஒன்றாக. இறுகப் பற்றி.