பட்டியலில் விட்டுப்போன பெயர்

நாற்பத்திரண்டு வருட மணவாழ்வில் ஸுலைஹா தன் கணவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "கேட்டீங்களா" என்பாள், மகள் பிறந்த பிறகு "நுஹாட வாப்பா" என்பாள். அந்த வியாழக்கிழமை, மதிய லுஹர் தொழுதுவிட்டு ஹாஷிம் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறையிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"ஹாஷிம்."

அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதைப் போல.

முப்பது வருடம் பாடசாலை அதிபராக இருந்தவர் அவர். அவரை அப்படி அழைக்கக் கூடியவர்கள் எல்லோரும் மௌத்தாகி விட்டார்கள். எழுந்து உள்ளே போனார். கட்டுகஸ்தோட்டையில் மூன்று நாட்களாக மழை. கலங்கிப் பெருகிய மகாவலி ஆற்றின் இரைச்சல், மூடிய ஜன்னலையும் தாண்டி, பாத்திரத்தில் நீர் கொதிப்பதைப் போல அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. டெட்டோல் வாசனைக்குக் கீழே வேறொரு வாசனையும் இருந்தது: பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாசனை.

ஸுலைஹா தலையணைகளில் சாய்ந்து கிடந்தாள். வாய் அசையவில்லை. அவளுடைய இடது காதுக்குப் பின்னாலிருந்து புறப்பட்ட வயர், ஸ்டூல் மீதிருந்த சவர்க்காரப் பெட்டி அளவான கருவிக்குள் போனது. அதில் பச்சை விளக்கு.

பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய் ஒன்பது மாதம். ஏதோ ஒரு கம்பனி புதிதாகப் பரீட்சித்துப் பார்க்கும் சிகிச்சை அது. மண்டைக்குள் வைத்த கம்பிகள் அவள் சொல்ல நினைப்பதைப் படிக்கும். பெட்டி அதை, அவள் முன்பு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரலில் சொல்லும். நோயாளி சம்மதிக்க வேண்டிய இடத்தில் ஹாஷிம் ஒப்பமிட்டார். அவளுடைய இடது கை பேனாவைத் தட்டிவிட்டதை, நோயின் உதறல் என்று டொக்டரிடம் சொன்னார்.

பெட்டி பேசிய முதல் நாள் அவளோடு பிறந்த நானாவின் குடும்பம் பார்க்க வந்திருந்தது. அத்தனை பேர் முன்னிலையிலும் அது கத்தியது: "நோகுது. இத கழட்டுங்க. ஏலாது. நீங்க நாசமாப் போவீங்க." ஹாஷிமின் தலை அன்று குனிந்தது. அடுத்த நாளே, கருவியைப் பார்த்துக்கொள்ளும் திலக்ஷனை வீட்டுக்கு வரவழைத்து ஒரு பட்டியலைக் கொடுத்தார். அழகான கையெழுத்தில், பெட்டி சொல்லக் கூடாத முப்பத்தொரு சொற்கள். வசைகளில் தொடங்கி, மரியாதையான குடும்பத்துப் பெண் சபையில் சொல்லத் தகாதவை என்று அவர் கருதியவற்றில் முடிந்தது: நோகுது, ஏலாது, மாட்டேன், வேணாம், கழட்டுங்க.

"சேர், ஒரு சொல்ல தடுத்தா மெசின் சும்மா இருக்காது. நல்லதா வேற ஒண்ண எடுத்துப் போட்டுக்கும். அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோமே?"

"அவட மாப்புள நான். ஒங்கட வேலய பாருங்க தம்பி."

அதன் பிறகு வீட்டில் அமைதி.

"என்ன புள்ள? நோகுதா?" என்று இப்போது கேட்டார்.

"இல்ல. சொகமா ஈக்கிறேன்," என்றது பெட்டி. அவளுடைய கண்ணோரத்தில் நீர் இறங்கியது. "ஹாஷிம். ஹாஷிம். ஹாஷிம்."

அவர் குனிந்து அவளுடைய கூந்தலை விலக்கினார். வயர் நுழையும் இடத்தில் தோல் பளபளவென்று வீங்கி, ஓரத்தில் மஞ்சள் கசிந்தது. வாசனை அங்கிருந்துதான்.

விளங்கியது. எல்லாச் சொற்களையும் அவர் பிடுங்கிக்கொண்டார். அவள் தேடியிருக்கிறாள், இரவும் பகலும், தடவித் தடவி. பூட்டாத ஒரே சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறாள். இந்த வீட்டுப் பெண் எவளும் அதைச் சொல்லமாட்டாள் என்பதால் அவர் எழுதாமல் விட்ட சொல்.

வாசலில் நுஹா நின்றாள். இருபத்தொன்பது வயது. தாய்க்கு மூளை பழுது என்ற கதையால் இரண்டு சம்பந்தங்கள் முறிந்துவிட்டன. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அக்குறணையிலிருந்து மூன்றாவது சம்பந்தம் பேச வருகிறார்கள்.

"வாப்பா, அவங்கள வரவேணாம்னு செல்லுங்க. உம்மாட கண்ணப் பாருங்க. அந்தப் பெட்டி உம்மா இல்ல."

"நீ பெய்த்து சாரிய உடுத்துக்கோ."

அவள் போன பிறகு திலக்ஷனுக்குப் போன் எடுத்தார். காயத்தைப் பற்றித்தான் சொல்ல நினைத்தார்.

"தம்பி, இன்னுமொரு சொல் சேர்க்கணும். என்ட பேர்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சேர், அம்மாவ டொக்டர்ட காட்டினீங்களா?"

"நாளைக்கு."

விளக்கு ஒருமுறை சிவந்து, மீண்டும் பச்சையானது. ஸுலைஹா அவரையே பார்த்தாள். பெட்டி பேசவில்லை.

அஸருக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஜஹானா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படி ராத்தா சொகம்?"

"அல்ஹம்துலில்லாஹ். வாங்க, இரிங்க. மழையில நனஞ்சீங்களா?"

"யா அல்லாஹ், என்னா மரியாத! எங்கட ஊட்டு மனிசனுக்கும் இப்படி ஒண்டு மாட்டணும். வாயத் தொறந்தா ஏச்சுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஷிம் சற்றுப் பிந்திச் சிரித்தார். ஸுலைஹாவின் முக்காட்டுக்குள் ஏதோ அசைந்தது. இடது கை. மெல்ல மேலேறியது. காதுக்குப் பின்னால் போனது. அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஈரத் துணியில் பொத்தான் பிய்வது போல ஒரு சத்தம். கை மடியில் விழுந்தது. விரல்களுக்குள் வயரின் நுனி. நுனியில் சதை.

வயர் கழன்ற பிறகும் பச்சை விளக்கு எரிந்தது.

"ராத்தா, ஒங்கட மகள எங்களுக்குத் தர சம்மதமா?"

ஹாஷிம் மூச்சை அடக்கினார்.

"சம்மதம்," என்றது ஸுலைஹாவின் குரல். "ஒங்கட மகளாட்டம் பாத்துக்கோங்க."

"மாஷா அல்லாஹ்!"

அவளுடைய கண்கள் அவர் மீதே நின்றன. இமைக்கவில்லை. நெஞ்சு எழும்பவில்லை. வாயைத் திறந்தார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வாயை மூடினார். முக்காட்டை இழுத்து அந்தக் கையை மூடினார்.

ஜஹானா எழுந்து குனிந்தாள். ஸலாம் சொல்லிக் கைகொடுக்கத் தன் இரண்டு கைகளையும் துணிக்குள் நுழைத்தாள். அவளுடைய புன்னகை அப்படியே உறைந்தது.

"ஒங்கட கை நல்லா சூடா ஈக்கி," என்றது பெட்டி.