கசாப்புக் கடை பாய் குடித்த பச்சைச் சாறு

"யா அல்லா...!"

மந்தைவெளிச் சந்தில் அந்த அலறல் கேட்டதும் கூரை மேல் இருந்த காக்காய்கள் மொத்தமாய்ப் பறந்தன.

காலை வேளை. ரேஷன் அரிசிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய சனம் அப்படியே திரும்பி ஓடி வந்தது.

கூடத்தில் ஷஃபியுல்லா பாய் குப்புறக் கிடந்தார்.

வாயோரம் ரத்தம்!

பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளர் உருண்டு கிடந்தது. அதிலிருந்து பச்சையாய் என்னவோ வழிந்து தரையில் ஓடியது.

பெண்டாட்டி ஜைதூன் பீ அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினாள்.

"ஏங்க... இதோ பாருங்க... கண்ணைத் தொறங்க..."

திறக்கவில்லை. ஜட்கா வண்டி வந்தது. ஏற்றினார்கள். குதிரை நகர்வதற்குள் ஆள் போய்விட்டார்.

ஷஃபியுல்லா யார் தெரியுமா? ஆட்டுக்கறி வியாபாரி! அப்பன் காலத்துக் கடை. நாள் முழுக்கக் கத்தியோடு நின்ற மனுஷன். அவரைச் சாய்த்தது கத்தியில்லை, கம்பில்லை.

ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு!

எல்லாம் தியாகராய நகர் டாக்டர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது. "உமக்கு ரத்தக் கொதிப்பு. கறியை விடும். காய்கறியைப் பச்சையாய்ச் சாப்பிடும்" என்று சொல்லி அனுப்பினார். கோட்டு போட்டவன் சொன்னால் கேட்டே ஆகணுமா? இவர் கேட்டார். ஒரு நாள் பாகற்காய்ச் சாறு, ஒரு நாள் வேப்பங்கொழுந்து, ஒரு நாள் சுரைக்காய். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று விழுங்குவார். இது ரமலான் மாசம். உடம்புக்காக நோன்பை விட்ட வெட்கம் வேறே. திரையை இழுத்து விட்டுக்கொண்டுதான் குடிப்பார்.

கடைத்தெருவே சிரித்தது. இப்போது அதே கடைத்தெரு வாசலில் நின்று மூக்கைச் சிந்தியது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை வந்தார். பின்னாலேயே கான்ஸ்டபிள் சுப்புராயன்.

"ஜப்பான்காரன் கையைத் தூக்கிட்டான், சண்டை முடிஞ்சுதுன்னு ஊரே மிட்டாய் தின்னுட்டிருக்கு. இங்கே என்னய்யா எழவு?"

"எழவுதான் சார்."

டம்ளரை முகர்ந்தார் இன்ஸ்பெக்டர்.

"சுப்புராயன், கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாரு."

"எனக்கு நாலு பொண்ணுங்க சார்! ஒண்ணுக்கும் கல்யாணம் ஆகலை!"

இன்ஸ்பெக்டரே விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார்.

கசப்பு! தொண்டை வரைக்கும் எரிகிற கசப்பு!

"இந்தச் சாறை யார் புழிஞ்சது?"

"நான்தாங்க..." ஜைதூன் பீ முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ருசி பார்த்தியா?"

"இல்லீங்க... நான் நோன்பு."

அவள் பக்கத்தில் நின்ற இனாயத் தலையை ஆட்டினான். செத்தவரின் தம்பி. கடை ஆடுகளை ஆற்றங்கரையில் மேய்த்து வந்து, அதே கடையில் கறி வெட்டுகிறவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆமா சார். அண்ணி ஒரு நோன்பு விடாது. எச்சில் கூட முழுங்காது. வாயில வெச்சிருக்காது சார்."

இன்ஸ்பெக்டரின் முகம் இளகியது.

அப்போது வாசல் கூட்டத்திலிருந்து ஒரு குரல்!

"இன்னா நோன்பு? இந்தம்மா காலைல எங்கிட்ட உப்பு நெல்லிக்கா வாங்கி நின்ன எடத்துலயே துன்னுச்சே!"

எல்லோரும் திரும்பினார்கள். காய்கறிக் கூடைக்காரி வேலம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன பிரயோசனம்?

"ஏம்மா... நோன்புன்னு சொன்னே?"

ஜைதூன் பீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொய்தானே?"

தலை குனிந்தது.

"நோன்பு இல்லாதவ, ருசி பார்க்காம புருஷனுக்குக் குடுத்தியா? இல்லே, ருசி தெரிஞ்சே குடுத்தியா? நட ஸ்டேஷனுக்கு! கொலைக் கேஸ்னா தூக்கு. தெரியுமில்லே?"

அவள் காலில் விழுந்தாள். தனக்காக இல்லை.

"என்னை இன்னா வேணா பண்ணுங்க சார்... அவரை ஆஸ்பத்திரில அறுக்காதீங்க! முழு உடம்பா மண்ணுக்குக் குடுங்க!"

சட்டத்துக்குக் காது ஏது? அறுத்தார்கள். குடல் வெந்து போயிருக்கிறது, என்ன விஷம் என்று தெரியவில்லை என்று மத்தியானம் சேதி வந்தது. இதைச் சொல்ல ஒரு பெரிய படிப்பு!

ஸ்டேஷன்.

மூலையில் ஜைதூன் பீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இனாயத். வாசலில் திடீரென்று ரகளை.

"வுடு நைனா! உள்ளே போவணும்! நான் சொன்ன சொல்லால ஒரு பொம்பளை தூக்குல தொங்கணுமா?"

வேலம்மா சுப்புராயனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேரே ஜைதூன் பீயிடம் போய்க் குந்தினாள்.

"யம்மா, என் மூஞ்சியைப் பாரு. நெல்லிக்காய்க்கு அப்படிப் பறந்தியே... எத்தினி மாசம்?"

சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. அணை உடைந்தது!

"மூணு..."

"வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா! முன்னாடி எல்லாம் வெளில சொன்னதும் கலைஞ்சு போச்சு. கண்ணு பட்டுதுன்னு எங்கம்மா சொன்னாங்க. நோன்பை வுட்டா வீட்டுக்கு வீடு கேப்பாங்க. அதான் நோன்பு மாதிரியே நடிச்சேன். பெருநாள் அன்னிக்கு அவர் தொழுதுட்டு வந்ததும் காதுல சொல்லலாம்னு..."

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெருநாள் வரும். தொழுதுவிட்டு வர அவர் எங்கே?

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சாறை ஏம்மா ருசி பார்க்கலை?"

"பச்சைக்காய் வாசனைக்கே கொமட்டுது சார். முந்தானையால மூக்கைக் கட்டிக்கினு புழிஞ்சேன். கறியாக்கத் தெரியும். சொரக்காய் எனக்கு இன்னா தெரியும்? டாக்டர் சொன்னாருன்னு புழிஞ்சேன்."

வேலம்மாவின் கண் மேஜை மேல் விழுந்தது. ஜைதூன் பீயின் அடுப்படியிலிருந்து சுப்புராயன் எடுத்து வந்த பாதிச் சுரைக்காய். உருண்டையாய், குடம் போல.

"இத்த யாரு குடுத்தது?"

"ஏன், நீதானே காய் போடறவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் குடுக்கறது நீட்டுக் காய். கீறி நாக்குல வெச்சுப் பாக்காம எந்த வூட்டுக்கும் போட மாட்டேன். இது பேய்ச்சொர நைனா! வெஷக் கசப்பு! அடையாத்தங்கரையில தானா மொளைக்கறது. நீச்சல் பழகற பசங்க இடுப்புல கட்டிக்கறதுக்குக் காய வெப்பாங்க. ஆடு கூட மோந்து பாத்துட்டு வெலகிப் பூடும்!"

ஆடு!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். ஆட்டை ஆற்றங்கரையில் மேய விடுகிறவன் அந்தக் குடும்பத்தில் ஒருத்தன்தான்.

"இந்தக் காயை யாரும்மா கொண்டு வந்தது?"

ஜைதூன் பீ பெஞ்சைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே புரிந்தது போல இருந்தது.

"இனாயத்து... நேத்து நோன்பு தொறக்க வந்தப்ப... 'அண்ணனுக்கு நல்லது அண்ணி'ன்னு..."

இனாயத் எழுந்து நின்றான்.

"ஆமா, குடுத்தேன். காயைக் குடுத்தா கொலையா? அது வெஷம்னு எந்தச் சட்டத்துல கீது?"

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த காயைப் புரட்டிப் பார்த்தார். காய்கறியை விஷம் என்று எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது? ஆள் தப்பித்துவிட்டான்!

"உங்க அண்ணன்மேல உனக்கு என்னடா கோபம்?"

"கோவமா? ரெண்டு தலைமொற கடை சார்! மூடப் போறாருன்னு கடைத்தெருவே பேசுது. 'தான் துன்னாததை வியாபாரம் பண்ண மாட்டேன்'னாராம். அவரு பச்சை எலை துன்னா, நானும் என் புள்ளைங்களும் இன்னா துன்றது?"

வேலம்மா அவனையே பார்த்தாள். முறைக்கவில்லை. அழுது விடுவாள் போல இருந்தது.

"சின்ன பாய்... இத்த அவரையே ஒரு வார்த்தை கேட்டியா?"

"அண்ணன் மூஞ்சியைப் பாத்து எப்படிக் கேப்பேன்? அவரு எதிர்ல நான் ஒக்காந்தது கூட இல்லே!"

"கேட்டிருக்கணும் ராசா! கடையை மூடறதா? பெருநாள் தொழுது முடிஞ்சு வந்து சாவியை உங்கையில குடுக்கப் போறேன்னாரு. 'கறிக்கடை தம்பிக்கு. எனக்கு உம் பக்கத்துல ஒரு கோணி விரிக்க எடம் குடு, நான் காய் விக்கறேன்'னு எங்கிட்ட கேட்டுக்கினு இருந்தாரு. 'அவனாண்ட சொல்லிடாதே, பெருநாளுக்கு அவன் மூஞ்சியைப் பாக்கணும்'னு சிரிச்சாரு..."



இனாயத் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே...!"

காலையில் போட்டானே ஒரு அழுகை, அது வேறே. இது வயிற்றிலிருந்து வந்தது.

"சாவறதுக்கு இல்ல சார்! அல்லா மேல சத்தியமா, சாவறதுக்கு இல்ல! ரெண்டு வாந்தி எடுப்பாரு... பயந்துக்கினு இந்தப் பச்சைத் தீனியை வுட்டுடுவாரு... பழையபடி கறி துன்னுவாரு... கடை நிக்கும்னுதான்... அண்ணி நோன்பு, வாயில வெக்காதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்... அவரு இப்படிப் பூடுவாருன்னு..."

தரையில் தலையை முட்டிக்கொண்டான். சுப்புராயன் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாததை அவனே தன் வாயால் சொல்லிவிட்டான்.

"சார்... ஒண்ணே ஒண்ணு. ஒரு புடி மண்ணு போட வுடுங்க."

இன்ஸ்பெக்டர் ஜைதூன் பீயைப் பார்த்தார்.

அவள் இனாயத்தைப் பார்த்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது.

"போட்டும் சார். அவருக்கு வேற யாரு கீறாங்க?"

சாயங்காலம் விலங்கு மாட்டிய கையால் ஒருத்தன் அண்ணனுக்கு மண் போட்டான். அவள் வீட்டில் இருந்தாள். பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. காதில் சொல்ல வைத்திருந்த சேதியை இனி எந்த மண்ணிடம் சொல்வது?

ஸ்டேஷன் வாசலில் வேலம்மா கூடையைத் தலையில் ஏற்றினாள். வெள்ளைத்துரை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா... எனக்கும் கொஞ்ச நாளா தலை சுத்துது. டாக்டர் காய்கறிதான் தின்னணும்ங்கறார். எந்தக் காய் நல்லது?"

வேலம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காயைப் பாத்துத் துன்றது அப்பால கெடக்கட்டும் நைனா. மொதல்ல உனக்குத் தம்பி எத்தினி பேரு, சொல்லு!"