முழுக்குத் தொட்டியில் நான்காவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பாஸ்டர் சபைக் கதவைத் திறந்தபோது, உள்ளே யாரோ துணி துவைத்துக்கொண்டிருப்பது போல ஒரு வாடை வந்தது.

சபை என்றால் கோபுரமும் மணியும் கிடையாது. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த பழைய கட்டடம். தகரக் கூரை, உயரத்தில் ஜன்னல்கள், நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் மரப்பலகை மேடை. அந்தப் பலகைகளைத் தூக்கினால் அடியில் நீல ஓடு பதித்த தொட்டி, இறங்க நாலு படி. ஞானஸ்நானம் கொடுக்கிற நாளில் மட்டும்தான் அதைத் திறப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் பாஸ்டரே பலகைகளை அடுக்கி வைத்து, ஹோஸ் போட்டு நெஞ்சளவுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போயிருந்தார்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாடை அதிலிருந்துதான் வந்தது. வெந்நீரில் ஊறிய துணி, பிளீச்சிங் பவுடர், மட்ட ரக சோப்பு.

அந்த வாடை அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாக வியாழக்கிழமைதோறும் அந்த வாடையோடு ஒருத்தி அவர் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சபையில் எல்லாருக்கும் அவள் லாண்டரியக்கா. வேலை முடிந்து நேராக பாஸ்டரின் ஞானஸ்நான வகுப்புக்கு வருவாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடக்கும். ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் அந்தச் சபையில் ஒரு விதி இருந்தது. சபையை நடத்துகிற மூப்பர்கள் முன்னால் நின்று, விசுவாச அறிக்கையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அது முடியாமல், ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன வயசானவர்கள் மூன்று பேர் உண்டு. அவளுக்கு அறிக்கை மனப்பாடம்தான். என்ன செய்ய, வாய் திக்கும். மெஷின்கள் முன்னால் நிற்கும்போது கடகடவென்று வருகிற வார்த்தைகள், நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் தொண்டைக்குள்ளேயே முடங்கிவிடும்.

மூன்று தடவை நின்றாள். மூன்று தடவையும் பாதியில் நிறுத்தி, "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்று பாஸ்டர் அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை அவள் வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"பா...பாஸ்டர், அ...அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"இந்த வயசுல என்னம்மா சாவு?" என்று அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து பதினோராம் நாள், இரண்டு சலவை மெஷின்களுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அவள் புருஷன் பஸ் டிரைவர். சபைப் பக்கமே வராத ஆள். அவள் உடம்பு நடுக்கூடத்தில் கிடக்க, அவன் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அவ நல்ல இடத்துக்குத்தானே போயிருப்பா?" என்று கேட்டான்.

பாஸ்டர் பொய் சொல்லாதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "ஞானஸ்நானம் வாங்கியிருந்தா தைரியமா சொல்லியிருப்பேன் தம்பி" என்றார். ஒரு முழத் தூரத்தில் அவள் கிடந்தாள்.

இதையெல்லாம் உதறிவிட்டு பாஸ்டர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். யாராவது தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு ஞானஸ்நானம் மூன்று பேருக்கு. மூன்றாவது ஆள் அவருடைய ஒரே மகள். பதினாறு வயது.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முதலில் மருந்துக்கடைக்காரர் இறங்கினார். நல்ல கனத்த உடம்பு. "பாஸ்டர், நான் முங்கினா பாதித் தண்ணி வெளியே வந்துடும்" என்று அவர் சொல்ல, முன்வரிசை சிரித்தது. பாஸ்டர் ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்து, இன்னொரு கையால் அவர் கூப்பிய கைகளைப் பிடித்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிப் பின்னால் சாய்த்தார்.

தண்ணீருக்கு அடியில் இன்னும் இரண்டு கைகள் வந்து அவர் கையைப் பற்றின.

மருந்துக்கடைக்காரரின் கைகள் பஞ்சு மாதிரி இருக்கும். இவை சொரசொரவென்று இருந்தன. வெடிப்பு வெடிப்பாக.

பாஸ்டர் வெடுக்கென்று கையை இழுத்தார். மருந்துக்கடைக்காரர் இருமிக்கொண்டே எழுந்து நின்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி பாஸ்டர் கீழே பார்த்தார். நீல ஓடுகள் பளிச்சென்று தெரிந்தன. வேறு ஒன்றுமில்லை.

இரண்டாவதாக, பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண் இறங்கினாள். மளமளவென்று பேசுகிற பெண். அவளை முழுக்கித் தூக்கினார். முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கவில்லை அவள். அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"இ...இப்ப ச...சரியா சொல்லிட்டேனா பா...பாஸ்டர்?"

பாஸ்டர் ஓரடி பின்வாங்கித் தொட்டிச் சுவரில் இடித்துக்கொண்டார்.

குளிரில் பல் கிட்டுகிறது என்று முன்வரிசைக்காரர்கள் நினைத்தார்கள். யாரோ துண்டை நீட்டினார்கள். அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டி, "நான் ஏதாவது சொன்னேனா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

மகள் முதல் படியில் கால் வைத்தாள். வெள்ளை அங்கி. முகமெல்லாம் சிரிப்பு.

தண்ணீர் படியை நோக்கி மெல்ல ஒதுங்கியது. யாரோ அவளை எதிர்கொண்டு நடந்து போகிற மாதிரி.

"வேண்டாம்மா!" பாஸ்டர் கத்திவிட்டார். "நீ இறங்காதே. இன்னைக்கு வேண்டாம்."

மூப்பர் ஓடிவந்து காதோடு காதாக, "என்ன பாஸ்டர், பாப்பாவுக்கு என்ன குறை?" என்று கேட்டார். மகள் அத்தனை பேர் முன்னால் நனையாத அங்கியோடு நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் உடைமாற்றுகிற அறை வாசலில் அவள் அவரை மடக்கினாள்.

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் இல்லம்மா. அடுத்த தடவை பார்க்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மகளுக்கும் உறைத்தது.

"லாண்டரியக்காகிட்டயும் இதைத்தானே சொன்னீங்க? நாளைக்கு நான் செத்தா என்னைப் பத்தியும் அம்மாகிட்ட அப்படித்தான் சொல்வீங்களா?"

அவர் சாப்பிடவில்லை. நேராக பஸ் டிப்போவுக்குப் போனார். டிரைவர் தன் பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். மென்று முழுங்கி ஒருவழியாக நடந்ததைச் சொல்லி முடித்தார். பைத்தியம் என்பான், அடிக்கக்கூட அடிப்பான் என்று எதிர்பார்த்தார்.

டிரைவர் கழற்றிய ஷூவைப் படிக்கட்டில் வைத்தான்.

"வீட்டுக்கு அவ ஒரு நாளும் வரல சார். வந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்."

"தம்பி..."

"எனக்கு உங்க சாமியைப் பத்தித் தெரியாது. அவர் கதவைச் சாத்தினாரா இல்லையான்னும் தெரியாது. நீங்க சாத்தினீங்க. அது மட்டும் தெரியும். அவ என் பேச்சைவிட உங்க பேச்சைத்தான் நம்புவா. அதான் அங்கேயே நிக்கிறா."

அப்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பாப்பா உங்க கூட இருக்காளா? சபைச் சாவியையும் காணோம்."

மூன்று மணி வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் குளிர் எலும்பில் ஏறியது. சோப்பு வாடை மூச்சை அடைத்தது.

மகள் தொட்டிக்குள் நின்றிருந்தாள்.

அதே வெள்ளை அங்கி. நெஞ்சுவரை தண்ணீர். வலது கை மட்டும் தண்ணீருக்குள் நீண்டிருந்தது.

"அப்பா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நானே முங்கி எழுந்துடலாம்னு வந்தேன். யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க. விடமாட்டேங்குறாங்க."

அவர் செருப்போடு படியிறங்கினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. மகளின் தோளை அணைத்து இழுத்துப் பார்த்தார். நட்டு வைத்த கல் மாதிரி அவள் அசையவில்லை.

அவள் மணிக்கட்டில் சதை உள்ளே அழுந்தியிருந்தது. ஐந்து விரல் தடம். பிடித்த விரல்கள்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அம்மா..." என்று அவர் தண்ணீரைப் பார்த்து, செத்தவளிடம் பேசத் தொடங்கினார். "சிலுவையில ஆண்டவருக்குப் பக்கத்துல தொங்கின கள்ளனை யாரும் தண்ணில முக்கல. அவனைக் கடவுள் சேர்த்துக்கிட்டார். உன்னைச் சேர்க்கமாட்டார்னு சொல்ல நான் யாரு? தண்ணி இல்லாமலும் அவரால முடியும்மா. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் உன் வீட்டுக்காரர்கிட்ட அப்படிச் சொன்னேன். நீ போம்மா. உனக்கு ஒரு தடையும் இல்ல. என் பொண்ணை விட்டுடு."

தண்ணீர் சிலிர்த்தது.

மகளின் உதடுகள் அசைந்தன. கண்கள் மட்டும் அவளுடையவை. அவை பயந்து அப்பாவையே பார்த்தன. குரல் அவளுடையது இல்லை.

"அ...அப்ப ஏன் பா...பாஸ்டர் மூ...மூணு தடவை?"

இருபது வருஷப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை.

"தப்பும்மா," என்றார். "என் தப்பு."

"த...தண்ணி," என்றது குரல்.

செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. அவருடைய சபையில் அதை நினைப்பதே பாவம். மூப்பர்களுக்குத் தெரிந்தால் அன்றோடு அவர் ஊழியம் முடிந்தது. மகளின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"விசுவாச அறிக்கையைச் சொல்லும்மா. நான் கேக்குறேன்."

அது சொல்லத் தொடங்கியது.

ஒவ்வொரு வார்த்தையும் முட்டி, மோதி, பின்வாங்கி, மறுபடி முட்டி வந்தது. வெயிலில் கூரை படபடத்தது. மகளின் பற்கள் கிடுகிடுத்தன. ஒரு வார்த்தையில் அது வெகுநேரம் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொடுக்க பாஸ்டரின் நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை. காத்திருந்தார். கால் மணி நேரமோ, அரை மணி நேரமோ. கடைசி வார்த்தைவரை அவர் குறுக்கிடவில்லை.

பிறகு, ஒன்றுமில்லாத தண்ணீரில் கையை நீட்டினார்.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு முதுகு இருந்தது.

வெடித்த கைகள் இரண்டு அவர் கைக்குள் வந்து கூப்பிக்கொண்டன. அவள் பெயரைச் சொன்னார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒரு பெண்ணின் முழுக் கனத்தைப் பின்னால் சாய்த்து, தண்ணீருக்குள் அமிழ்த்தினார். குமிழிகள் வந்தன. தூக்கினார். பாதி தூக்குவதற்குள் கனம் இல்லை. அவர் கைகளிலிருந்து வெறும் தண்ணீர் வழிந்தது.

மகள் தடாலென்று அவர் மேல் சாய்ந்தாள். அவளை வாரி எடுத்துக்கொண்டு படியேறினார். வெயிலில் வந்து விழுந்த பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

மணிக்கட்டுத் தடம் ஒரு வாரம் இருந்தது. "நீ கேக்குற அன்னைக்கு நான் கொடுக்குறேன். யார் முன்னாடியும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். "இப்ப வேண்டாம்பா. நான் கேக்காம இருந்தாலும் என்னை உதறிடாதீங்க" என்றாள் அவள்.

டிரைவரிடமும் போய்ச் சொன்னார். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"முழுசா சொன்னாளா சார்?"

"முழுசா சொன்னா தம்பி."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் எடுக்கலாம். கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களில் மூப்பர் திராட்சரசம் ஊற்றி வைப்பார். தாமதமாக வருகிறவர்களுக்கென்று தட்டின் நடுவில் எப்போதும் நாலு கிண்ணம் கூடுதல். அன்றைக்கு யாரும் தாமதமாக வரவில்லை. தட்டு திரும்பி வந்தபோது மூன்று கிண்ணம்தான் நிரம்பியிருந்தது. நாலாவது காலி. பாஸ்டர் அதைத் தொட்டார். யாரோ இப்போதுதான் கையில் வைத்திருந்த மாதிரி கதகதப்பாக இருந்தது.

அவருக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. வந்து சேர்ந்துவிட்டாள், பந்தியில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த மாதமும் யாரும் தாமதமாக வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போன மூப்பர், கதவுக்குள் நின்றபடி அவரைச் சைகை காட்டி அழைத்தார்.

"பாஸ்டர், நாலு கூடுதலா ஊத்தினேன். நானே எண்ணினேன்."

தட்டில் ஒரு கிண்ணத்தைக்கூட விடாமல் குடித்திருந்தார்கள். பாஸ்டர் கையை நீட்டி, நடுவில் இருந்த நாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

நாலும் கதகதப்பாக இருந்தன.