தெருவைப் பார்த்த ஷூக்கள்

கடைத்தெருவிலிருந்து விடுதிக்குத் திரும்பி வந்து கழற்றிவிட்டபோது இரண்டு ஜோடி ஷூக்களும் மாடிப்படியைப் பார்த்துத்தான் கிடந்தன. மெலிஹாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. கணவர் ரசிமின் மாத்திரைக்கு வெந்நீர் வாங்க மறுபடி கீழே இறங்கியபோது எல்லாமே தெருக்கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. தன்னுடையதை அவள் பொருட்படுத்தவே இல்லை. ரசிமின் கறுப்பு ஷூக்கள்தான் கண்ணை உறுத்தின.

அவளுடைய அப்பா இறந்த அன்று அம்மா அழுவதற்கு முன்பே செய்த காரியம், அப்பாவின் ஷூக்களை எடுத்து வாசலுக்கு வெளியே, முனை தெருவைப் பார்க்க வைத்ததுதான். அவர்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீடு தெருவுக்குச் சேதி சொல்வது அப்படித்தான். யாராவது ஷூ இல்லாதவன் வந்து போட்டுக்கொண்டு போவான். இறந்தவரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

ஈரக் கல்தரையின் வாடையும், விறகுப் புகையும், எங்கோ வேகும் சீமைமாதுளையின் இனிப்பு மணமும் கலந்த அந்தக் கீழ்த்தளத்தில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். விடுதிக்காரி ஷுக்ரான் கெட்டிலோடு வந்தாள்.

"ஷூவை நீங்களா திருப்பி வெச்சீங்க?"

"ஆமாக்கா. விருந்தாளி கிளம்புறப்ப குனிஞ்சு கஷ்டப்படக் கூடாதுல்ல. இந்த வீட்டுப் பழக்கம்."

மெலிஹாவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஷுக்ரான் உள்ளே போனதும் இரண்டு ஜோடியையும் படிப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினாள்.

"என்ன, முகம் வெளுத்துப்போச்சு? நான் ஒளிச்சு வெச்ச லோக்கும் மிட்டாயைப் பாத்துட்டியா?" என்றார் ரசிம்.

"ஒளிச்சு வேற வெச்சிருக்கியா? டாக்டர் கிட்ட சொல்றேன் இரு."

வசந்தத்தில் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு மனிதர்தான். கல்யாணமான நாளிலிருந்து போகலாம், போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சஃப்ரான்போலுவுக்கு, இனி தள்ளக் கூடாது என்று அவள்தான் அழைத்து வந்திருந்தாள். பாதி வாழ்க்கை ரயில் ஓட்டி ஊர் ஊராகச் சுற்றியவர், இந்த ஊரின் சந்துகளில் சின்னப் பையன்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நடுநடுவே நெஞ்சைப் பிடித்தபடி நின்றதை அவள் பார்த்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

இரவு விடுதியிலேயே சாப்பிட்டு முடித்து மாடிக்குத் திரும்பும்போது அவள் பார்வை தானாகவே ஷூக்கள் பக்கம் போனது. அவளுடைய ஷூக்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ரசிமுடையவை மட்டும் கதவைப் பார்த்தன.

அவரை மேலே அனுப்பிவிட்டு ஷுக்ரானைப் பிடித்தாள். "மறுபடியும் ஏன் திருப்பினீங்க?"

ஷுக்ரான் விழித்தாள். "நான் மறுபடி தொடவே இல்லையேக்கா. சாயங்காலமும் உங்களோடதைத்தான் திருப்பினேன். அண்ணனோடது ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு."

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. படுக்கையில் ரசிம் வழக்கம்போலத் தன் சில்லிட்ட பாதங்களை அவள் கெண்டைக்காலில் வைத்து அழுத்தினார். வழக்கமாகத் திட்டித் தள்ளிவிடுவாள். இன்று தள்ளவில்லை.

"என்ன, இன்னிக்குத் திட்டு இல்லையா?"

"தூங்கு ரசிம்."

அவர் மூச்சு சீரானதும் எழுந்தாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பலகையும் முனகாமல் பார்த்துப் பார்த்து மிதித்துக் கீழே போனாள். அந்த ஷூக்கள் இப்போது கதவை ஒட்டியே நின்றன. முனை கதவுப் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் வாரி எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள். போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் எங்கே போய்விடுவார்?

அறையின் கணப்படுப்போரம் உட்கார்ந்தாள். மடியில் ஷூக்கள். பாலிஷ் வாசனை. அவருடைய மூச்சு. மரச்சுவர் எங்கோ கிரீச்சிட்டது. மூச்சு. ஜன்னலில் பனி உரசியது. மூச்சு.

எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை.

படி முனகியது. ஒரு பலகை. இன்னொன்று. கீழே. தாழ்ப்பாள்.

விழித்தாள். விடியற்காலைப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. மடியைத் தடவினாள். ஷூக்கள் இருந்தன. கட்டிலைப் பார்த்தாள். ரசிம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்பாடா என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

சந்து முழுக்க வெள்ளை. கதவிலிருந்து தடங்கள் கிளம்பிப் போயின. வெறுங்கால்கள். ஐந்து ஐந்து விரல்கள். போன தடம் மட்டும்தான். வந்த தடம் இல்லை. சந்து திரும்பும் இடத்தில் பனி மிதிபட்டுக் குழைந்து கிடந்தது. அங்கே ஒருவர் வெகுநேரம் நின்றிருக்கிறார். கால் மாற்றி, கால் மாற்றி. இந்த ஜன்னலைப் பார்த்து.

"ரசிம்."



கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் மண்டியிட்டாள். போர்வையை விலக்கினாள். அவருடைய பாதங்கள் குளிரில் வெடித்து நீலம் பாரித்திருந்தன. உள்ளங்காலில் சந்து மண். விரலிடுக்கில் பனி.

அறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்தப் பாதங்களை அவள் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். தேய்த்தாள், ஊதினாள், நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். பனி உருகவில்லை.