நடுவில் நிரப்பிய படங்கள்

அசல் படத்தில் அம்மாவின் தூக்குவாளி வலது கையில் இருந்தது. கணினி நிரப்பிய படத்தில் இடது கையில்.

நாகஜோதி கண்களைக் கசக்கிக்கொண்டாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறிய அம்மா திரும்பி வராமல் பதினோரு நாள். கம்பம்மெட்டுச் சாலை டீக்கடைக் கேமரா நிமிடத்துக்கு ஒரு படம்தான் பிடித்திருந்தது. ஒன்றில் அம்மா ஜீப்பின் படியில் கால் வைக்கிறாள். அடுத்ததில் வெறும் சாலை. வண்டி எண் தெரிந்திருக்க வேண்டிய கணம் இரண்டுக்கும் நடுவே தொலைந்திருந்தது.

"இன்னும் அதையேவாத்தா பாக்குற?" ஸ்டுடியோ முதலாளி அழகுமலை கேமராப் பையைத் தோளில் மாட்டினார். "அது இட்டுக்கட்டுறது. கல்யாண வீடியோல மாப்ளைய மெதுவா நடக்க விடுவோம்ல, அதே மெஷினு. போன வாரம் அவருக்கு ஆறு வெரல் குடுத்துருச்சு. பொண்ணு வீட்ல சண்டைக்கு வந்துட்டாக."

"தெரியும்ணே. ஸ்டேசன்ல நம்பரு கேக்குறாக. வேற என்னத்தக் கொண்டுபோக?"

அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வளைகாப்பு வீட்டுக்குக் கிளம்பினார்.

முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். நடுவில் இருப்பது வெறும் ஊகம். இயற்பியல் படித்தவளுக்கு அது தெரியும். ஆனாலும் எட்டுப் படங்கள் நிரப்பச் சொன்னாள். மதிய வெயில் தகரக் கூரையில் காய, ஆல்பப் பசையின் வாடையும் கணினியின் சூடும் சேர்ந்து அவள் இமைகளை அழுத்தின. எண் பலகையில் சாம்பல் கறை. ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அம்மாவின் முகம். தெரிந்த முகத்தை நகலெடுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து முப்பது படங்கள். அம்மா ஏறி அமர்ந்திருந்தாள். பெண்கள் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள், வழியில் இன்னொருத்தி ஏறும்போது செய்வதுபோல.

அறுபது. ஜீப் கிளம்பவே இல்லை. அறையில் பச்சை ஏலக்காய் வாசனை. டீசல் வாசனை.

நூற்றிருபது. எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். அம்மா அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டினாள். படம் எங்கும் அறுபடாமல். மெதுவாக.

நாகஜோதி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

அம்மாவின் கை நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். யார் தோளிலாவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஜீப்பிலிருந்த பெண்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.